உத்தரகுமாரனிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லையா?

ஜூன் 2 – காரைக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி

"எங்கள் பக்கத்தில் வாய்ச்சவடால் அடிப்பவனை உத்தரகுமாரன் என்றுதான் ஏசுவோம். மகாபாரதத்தில், அரண்மனைப் பெண்கள் முன்னால் மார்தட்டிவிட்டு, கௌரவர் படையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடிய விராட நாட்டு இளவரசன் அவன். தைரியத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல அபிமன்யுவின் கதை இருக்கும்போது இந்தப் பயந்தாங்கொள்ளியின் கதையை எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவனிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்."

ஜூன் 3

மறுக்கிறேன். சக்கர வியூகத்துக்குள் துணிந்து நுழைகிற அபிமன்யுவைப் பார்த்துப் பயந்த பிள்ளை வியக்கலாமே தவிர, தன் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனிடம் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குப் பயந்தவன் ஒருவன் அடுத்து என்ன செய்தான் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கதையை உத்தரனைப்போல் முழுதாகக் காட்டுகிற பாத்திரம் பாரதத்தில் வேறு இல்லை. நாம் அவன் ஓடிய இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறோம். வில்லிபுத்தூரார் நிரைமீட்சிச் சருக்கம் என்று பாடிய பகுதியில் அந்த ஓட்டம் தொடக்கம் மட்டுமே.

முதலில் அவன் பேசிய பேச்சைப் பார்ப்போம். திரிகர்த்த நாட்டுச் சுசர்மன் ஆநிரைகளைக் கவர்ந்ததால் உத்தரனின் தந்தை விராடன் படையைத் திரட்டிக்கொண்டு தென்திசைக்குப் போய்விட்டான். அடுத்து வடபுறத்தில் துரியோதனனும் பீஷ்மரும் துரோணரும் கர்ணனும் வந்து 60,000 மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஆயர் தலைவன் மூச்சிரைக்க வந்து முறையிடும்போது, ஊரைக் காக்க வேண்டிய இடத்தில் இருப்பவன் இளவரசன் உத்தரன் ஒருவனே. அவன் "பயமாக இருக்கிறது" என்று சொல்லவில்லை. "நல்ல தேரோட்டி ஒருவன் மட்டும் கிடைத்தால் போதும், இந்த நிமிடமே போய் மீட்டுவிடுவேன், என்னுடைய தேரோட்டி 28 இரவுகள் நடந்த பழைய போரில் மாண்டுவிட்டான்" என்கிறான்.

நான் பல இடங்களில் கேட்டிருக்கிற, நானே பல ஆண்டுகள் சொல்லி வந்த பேச்சு இது. அச்சம் பெரும்பாலும் அச்சம் என்ற பெயரில் வருவதில்லை. "முதல் மட்டும் கொஞ்சம் கையில் இருந்தால்", "விவரம் தெரிந்த ஆள் ஒருவர் கூட இருந்தால்" என்று, இல்லாத ஒன்றைச் சுட்டிக்காட்டிக்கொண்டு அதன் பின்னால் நிற்கும். அஞ்ஞாதவாசத்தில் அந்த அரண்மனையில் சைரந்திரி என்ற பணிப்பெண்ணாக இருந்த திரௌபதி அந்த இடத்தைச் சரியாகப் பார்த்துவிட்டாள். "நாட்டியம் சொல்லிக்கொடுக்கும் பிருகன்னளை முன்பு அருச்சுனனுக்கே தேரோட்டியாக இருந்தவள்" என்று சொல்லி, அவனுக்கு இல்லாத அந்த ஒன்றை வரவழைத்துக் கொடுத்துவிட்டாள். சாக்கு போனதும் உத்தரன் தேரில் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. கதையில் முதல் பாடம் இதுவென்று எண்ணுகிறேன். அதைத் தருபவள் திரௌபதி.

ஜூன் 3, இரவு

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஓடியவனைப் பிருகன்னளை, அதாவது மாறுவேடத்தில் இருந்த அருச்சுனன், நூறடிக்குள் துரத்தி முடியைப் பிடித்து நிறுத்தியபோது, உத்தரன் பொன் தருகிறேன், மணிகள் தருகிறேன், யானைகள் தருகிறேன், என்னை விட்டுவிடு என்று கெஞ்சுகிறான். அருச்சுனன் அவனைப் பார்த்து "நீ வீரனாக இரு" என்று சொல்லவில்லை. "உனக்குப் போரிட மனமில்லை என்றால் கடிவாளத்தைப் பிடி, நான் போரிடுகிறேன்" என்கிறான். பயந்தவனை வீட்டுக்கும் அனுப்பவில்லை, அவனால் முடியாத வேலையைக் கொடுத்து வதைக்கவும் இல்லை. வேலையை மாற்றிக் கொடுத்தான். உத்தரனும் அந்த வேலையைச் செய்தான்.

ஜூன் 6

தேவகோட்டையிலிருந்து ஒருவர், "எல்லாவற்றையும் செய்தவன் அருச்சுனன், உத்தரன் இழுத்த இழுப்புக்கு வந்தவன், இதில் அவனுக்கு என்ன பெருமை?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் இழுத்து வரப்பட்ட பிறகு அவன் செய்த காரியங்களை வரிசையாகப் பார்த்தால் வேறு விதமாகத் தோன்றும்.

சுடுகாட்டுப் பக்கத்தில் நின்ற வன்னி மரத்தில் பாண்டவர்கள் ஆயுதங்களைக் கட்டி ஒளித்துவைத்து, யாரும் நெருங்காதபடி ஒரு பிணத்தையும் அதில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அருச்சுனன் உத்தரனைத்தான் அந்த மரத்தில் ஏறச் சொல்கிறான். அரசகுமாரனான நான் பிணத்தைத் தொடலாமா என்று தயங்குகிறான். அது ஆசாரத்தின் தயக்கமா, பயத்தின் தயக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது; நம்முடைய பல தயக்கங்களும் அப்படிப்பட்டவைதான். பிறகு ஏறுகிறான். கட்டை அவிழ்த்ததும் வில்கள் பாம்புகளைப்போல் மின்னுகின்றன, மறுபடியும் நடுங்குகிறான். நடுங்கிக்கொண்டே ஒவ்வொன்றையும் இது யாருடையது என்று கேட்கிறான். பிருகன்னளை தன்னை அருச்சுனன் என்று சொன்னபோதுகூட உடனே நம்பிவிடவில்லை, அருச்சுனனுடைய பத்துப் பெயர்களையும் காரணத்தோடு சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே நம்புகிறான். பயத்தில் இருப்பவன் யார் கையையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துவிடுவான் என்பார்கள். இவன் விசாரித்துவிட்டுப் பிடித்தான்.

சங்கொலியும் நாணொலியும் கேட்டு அவன் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிடுகிறான். நடுப்போரில் "இனி என்னால் முடியாது, கண் இருட்டுகிறது, திசை தெரியவில்லை" என்று சொல்லிவிடுகிறான். அருச்சுனன் தேற்றியதும் மறுபடி ஓட்டுகிறான். பயம் ஒருமுறை வந்து போய்விடவில்லை, மூன்றாவது முறையும் நான்காவது முறையும் வந்தது. ஒவ்வொரு முறையும் அவன் திரும்பக் கடிவாளத்தை எடுத்தான். அந்த எண்ணிக்கைக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

ஜூன் 6, பின்மாலை

மேலே விட்டுப்போன ஒரு காட்சி. உத்தரனின் சகோதரி உத்தரையும் தோழிகளும் பொம்மைகளுக்கு உடுத்த, தோற்றவர்களின் பட்டாடைகள் வேண்டும் என்று புறப்படும்போதே கேட்டிருந்தார்கள். அருச்சுனன் சம்மோகன அஸ்திரத்தால் படையை மயங்க வைத்தபின், "பீஷ்மரின் பக்கம் போகாதே, அவருக்கு இதற்கு மாற்றுத் தெரியும்" என்று எச்சரித்து, உத்தரனைத்தான் தேரைவிட்டு இறங்கிப் போகச் சொல்கிறான். துரோணரும் கிருபரும் உடுத்திய வெள்ளாடை, கர்ணனின் மஞ்சள் ஆடை, அசுவத்தாமனும் துரியோதனனும் போர்த்திய நீல ஆடை என்று ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து உருவி எடுக்கிறான். எந்த நிமிடமும் விழித்துவிடக்கூடிய மாவீரர்களின் நடுவே, தேரும் இல்லாமல், துணைக்கு யாரும் இல்லாமல் நடந்து போய்த் திரும்பி வந்தவன் காலையில் ஓடியவன்தான்.

ஜூன் 9

மழை பொய்த்த ஆண்டுகளில் விராட பருவம் படித்தால் மழை வரும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. ஆறில்லாத எங்கள் சீமையில், கண்மாயையும் ஊருணியையும் நம்பியிருப்பவர்களுக்கு அந்த நம்பிக்கை இன்னும் அழுத்தமாக இருந்தது. சிறுவயதில் கோவில் மண்டபத்தில் அதைப் படிக்கக் கேட்டபோது, உத்தரன் ஓடும் இடத்தில் கூட்டம் முழுவதும் சிரித்தது நினைவிருக்கிறது. என் ஐயா (அப்பச்சியின், அதாவது என் தந்தையின், தகப்பனார்) மட்டும் சிரிக்கவில்லை. அதற்கான காரணம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

ஐயா பதின்ம வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவர்கள். இரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக (எடுபிடி வேலைக்கு) இருந்தார்கள். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானியர் இரங்கூனில் முதல் குண்டு போட்டபின், கப்பலில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கான இந்தியர்களைப்போல் அவர்களும் நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ சாந்தியோ (அறுபதாம் கல்யாணம்) நடந்தால் யாராவது ஒருவர் அந்த நடையைப் பேசாமல் இருக்கமாட்டார்கள். சொல்லச் சொல்ல அது வளர்ந்து, காட்டையும் மலையையும் ஐயா தனியாளாகக் கடந்ததுபோல் ஆகிவிட்டது. ஒரு சாந்திக் கல்யாணத்தில், முகப்பில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, உறவினர் ஒருவர் "பர்மாக் காட்டைக் கால்நடையாகக் கடந்த சிங்கம்" என்று தொடங்கினார். ஐயா கையை நீட்டி அவரை நிறுத்தினார்கள்.

"நான் எங்கேப்பா கடந்தேன்? அடுத்தாளா இருந்தவுக முன்னே போனாக. நான் அவுக துண்டோட நுனியப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். ராத்திரியானா அழுவேன். அவுக மட்டும் இல்லேன்னா அங்கேயே உக்காந்திருப்பேன்."

அடுத்தாள் என்றால் கடையில் முதலாளுக்கு அடுத்த நிலையில் இருப்பவர். முகப்பில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. ஐயா அந்தத் துண்டைப் பிடித்த விதத்தைக் கையால் காட்டினார்கள்; சுட்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்தி. இருட்டில் நழுவிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் சுற்றிக்கொண்டார்களாம்.

உத்தரனைப் பற்றி நான் இங்கே வாதாடுவதற்குக் காரணமான காட்சியும் ஒரு சபையில்தான் நடக்கிறது. மகன் வென்றுவிட்டான் என்று விராடன் நகரை அலங்கரிக்கச் சொல்கிறான். கங்கன் என்ற பெயரில் இருந்த தருமன், "பிருகன்னளை தேரோட்டினால் ஏன் வெல்லமாட்டான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னதற்காக, விராடன் சூதாடு காயை அவன் முகத்தில் எறிந்து மூக்கில் இரத்தம் வர வைக்கிறான். அந்தச் சபைக்குள் உத்தரன் வருகிறான். அவன் வாய் திறக்காமல் நின்றிருந்தால்கூட ஊர் அவனை வீரன் என்றே சொல்லியிருக்கும். அருச்சுனனே "இது உன் வெற்றி என்று சொல்லிக்கொள்" என்றுதான் அனுப்பியிருந்தான். ஆனால் அவன் சொல்வது இது: மாடுகளை மீட்டவன் நான் இல்லை, நான் பயந்து ஓடினேன், தேவகுமாரன் ஒருவன் என்னைத் தடுத்து நிறுத்தி, தானே போரிட்டு வென்றான். அருச்சுனன் பெயரை வெளியிடுவதில்லை என்று கொடுத்த வாக்கையும் அதே பேச்சில் காப்பாற்றிவிடுகிறான்.

காலையில் பெண்கள் முன்னால் இல்லாத வீரத்தைப் பேசியவன், மாலையில் தகப்பன் முன்னாலும் ஊர் முன்னாலும் தன் ஓட்டத்தைத் தானே சொல்கிறான். அம்புக்குப் பயப்படாமல் இருப்பதைவிட, இலவசமாக வந்த புகழை வேண்டாம் என்று தள்ளுவது கடினம் என்று நான் நினைக்கிறேன்.

ஜூன் 10

இரண்டு பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள்: முடியைப் பிடித்து இழுத்தது சரியா? பயப்படும் பிள்ளையை அப்படித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டுமா?

இதைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். எனக்கு நீச்சல் பழக்க வேண்டும் என்று உறவில் பெரியவர் ஒருவர் தோட்டத்துக் கிணற்றில் என்னைத் தூக்கிப் போட்டார். அவர் மேட்டில் நின்று சத்தம் போட்டார்; நான் தண்ணீரைக் குடித்தேன். அதன் பிறகு ஒரு கோடை முழுவதும் கிணற்றடிப் பக்கமே போகவில்லை. பின்னால் தோட்ட வேலை பார்த்த ஒருவர், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, தாமும் தண்ணீரில் இறங்கி, என் தாடைக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டார். நான் பயந்து இறுகும்போதெல்லாம் அந்தக் கை அங்கேயே இருந்தது. நீச்சல் அவரிடம்தான் வந்தது.

அருச்சுனன் உத்தரனை இழுத்து வந்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதற்கு ஒரே காரணம், இழுத்து வந்தவன் அதே தேரில் ஏறினான் என்பதுதான். உத்தரனுக்கு என்ன நேர்ந்தாலும் அவனுக்கும் அதுவே நேரும். கரையில் நின்றுகொண்டு அடுத்தவர் பிள்ளையைத் தள்ளுகிறவர்கள் இந்தக் கதையைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

ஜூன் 15

ஒரு சிறு குறிப்பு. மயிர்க்கூச்செறிந்தது, உடல் நடுங்கியது என்று உத்தரனுக்குச் சொல்லப்படும் அதே அடையாளங்கள் குருக்ஷேத்திரத்தில் அருச்சுனனுக்கும் சொல்லப்படுகின்றன. அங்கே காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது. காரணங்கள் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்: ஒருவன் தன் உயிருக்கு அஞ்சினான், மற்றவன் தன் கையால் உறவினரைக் கொல்வதற்கு அஞ்சினான். ஆனால் உடம்பு இரண்டு பேருக்கும் ஒரே விதமாகத்தான் நடந்துகொண்டது. இரண்டு இடத்திலும், உட்கார்ந்துவிட்டவனோடு தேரில் இருந்த மற்றொருவன் அவனை எழுப்பினான். முன்பு உத்தரனைத் தேற்றியவன் பின்னால் கண்ணனால் தேற்றப்பட்டான். நடுங்கினான் என்பதை மட்டும் வைத்து உத்தரனைக் கோழை என்று முத்திரை குத்துபவர்கள் அருச்சுனனுக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

ஜூன் 21

"சொந்த வாழ்க்கையில் இந்தக் கதை எங்காவது உதவியதா, அல்லது படித்ததோடு சரியா?" என்று முதல் கேள்வியைக் கேட்ட காரைக்குடி வாசகரே மறுபடி கேட்டிருக்கிறார். உதவியது.

எங்கள் பொதுவீட்டில் பல புள்ளிகளுக்கு (திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) பங்கு உண்டு. வளவின் (உள்முற்றப் பகுதியின்) மேற்கூரையில் ஒழுக்கு வந்தபின், வீட்டைப் பிரித்து, பர்மாத் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவையும் விற்றுப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று பங்காளிகளில் சிலர் பேசத் தொடங்கினார்கள். ஒரு தூணைக் கழற்றிவிட்டால் அதற்குமேல் அந்த வீட்டைக் காப்பாற்ற முடியாது என்பது என் எண்ணம். ஆனால் கூட்டங்களில் நான் வாயே திறக்கவில்லை. உரத்த குரலில் பேசுகிறவர்கள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து, "சொத்து விவகாரம் தெரிந்த வக்கீல் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் பேசியிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் ஆச்சி, அதாவது உடன்பிறந்த அக்கா, அதைப் பல தடவை கேட்டுவிட்டு ஒரு நாள் சொன்னார்கள்: "வக்கீலு வேண்டாம்ப்பா. நீ பேசவும் வேண்டாம். கூரை மராமத்துக்கு எவ்வளவு ஆகும்னு கொத்தனார்ட்டக் கேட்டு எழுதிக்கிட்டு வா. அதை மட்டும் வாசி. நான் பேசுறேன்."

அடுத்த கூட்டத்தில் பட்டாலையில் (கூடத்தில்) ஆச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடு மாற்ற இவ்வளவு, கைமரம் மாற்ற இவ்வளவு, சுண்ணாம்புப் பூச்சுக்கு இவ்வளவு, புள்ளிக்கு இவ்வளவு விழும் என்று வாசித்தேன். குரல் நடுங்கியது, தாளும் நடுங்கியது. முதல் பக்கத்தின் நடுவில் ஒருவர் குறுக்கிட்டதும் நிறுத்திவிட்டேன். ஆச்சி அவரைப் பார்த்து, "அவன் வாசிச்சு முடிக்கட்டும்" என்றார்கள். முடித்தேன். அதன் பிறகு நடந்த வாதம் முழுவதையும் நடத்தியவர்கள் அவர்கள்தான். விற்பனை தள்ளிப்போயிருக்கிறது, கைவிடப்படவில்லை.

இதில் எனக்கு உறுத்திய இடம் பிறகு வந்தது. ஊரில் பேசிக்கொள்ளும்போது, "தம்பி கணக்கோட வந்து நிறுத்திட்டான்" என்று என் பெயரைச் சொன்னார்கள். விராடன் வெற்றியை மகன் பெயரில் எழுதினான், நாட்டியம் சொல்லிக்கொடுப்பவளுக்கு அதில் பங்கிருக்கும் என்று கேட்கவே அவனுக்குப் பொறுக்கவில்லை. பெண் நடத்திய வாதத்தை ஆண் பெயரில் எழுதும் வழக்கம் இன்னும் நம்மிடம் அப்படியேதான் இருக்கிறது. அப்படிச் சொன்னவர்களிடமெல்லாம், நிறுத்தியது ஆச்சி, நான் தாளை வாசித்தவன் என்று சொன்னேன். ஐயா முகப்பில் பேசியதைக் கேட்டிராவிட்டால் அதைச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

ஜூன் 22

பள்ளத்தூர் வாசகருக்கு: அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்று வள்ளுவர் சொன்னதை உத்தரனுக்குச் சார்பாக எடுத்துத் தந்திருக்கிறீர்கள். உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் அந்தக் குறளை இங்கே பொருத்த முடியாது. ஆநிரைகளைக் காப்பது அரசகுமாரனின் கடமை, போகாமல் இருந்திருந்தால் தவறுதான். பீஷ்மரும் துரோணரும் நிற்கும் படையைத் தனியாக எதிர்க்க அஞ்சியது அறிவு என்றாலும், அவனுடைய ஓட்டத்தை அறிவு என்று சொல்லி நியாயப்படுத்தினால், அவன் திரும்பி வந்ததன் மதிப்புக் குறைந்துபோகும். ஓட்டம் ஓட்டமாகவே இருக்கட்டும்.

ஜூலை 1

கடைசியாக வந்த கேள்விதான் எனக்கு மிகவும் கனமானது. "குருக்ஷேத்திரத்தில் முதல் நாளே செத்துப்போனான். தைரியம் வந்து என்ன கண்டான்?" என்று ஒருவர் கேட்கிறார்.

நடந்ததைச் சொல்கிறேன். 18 நாள் போரின் முதல் நாளில் உத்தரன் யானைமேல் ஏறி மத்திர நாட்டு அரசன் சல்லியனை எதிர்க்கிறான். யானை சல்லியனின் தேர்க்குதிரைகள் நான்கையும் மிதித்துக் கொல்கிறது. குதிரையில்லாத தேரில் நின்றபடியே சல்லியன் எறிந்த இரும்புச் சக்தி ஆயுதம் உத்தரனின் கவசத்தைத் துளைக்கிறது. அங்குசமும் ஈட்டியும் கையிலிருந்து விழ, அவன் யானையின் பிடரியிலிருந்து சாய்கிறான். அதைக் கண்ட அவன் சகோதரன் சுவேதன் கொதித்தெழுந்து போரிட்டு, பீஷ்மரால் மாண்டான்.

இந்தச் சாவைக் காட்டி, பார்த்தீர்களா, கோழை வீரனாகிவிட்டான் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. செத்ததால் ஒருவனுக்குத் தைரியம் இருந்தது என்று ஆகாது. பயந்தவர்களும் அந்தக் களத்தில் செத்தார்கள். தைரியம் என்ன பயன் தந்தது என்று கேட்பவரோடும் உடன்பாடு இல்லை. அன்று அவனை முடியைப் பிடித்து இழுத்து வர யாரும் இருக்கவில்லை. தேற்றுவதற்கு அருச்சுனன் பக்கத்தில் இருக்கவில்லை. அன்றும் அவன் உள்ளே நடுங்கியிருப்பான் என்றே நான் எண்ணுகிறேன். தன் மாடுகளை மீட்டுக் கொடுத்தவர்களுக்காகத் தன் யானையை அவனே ஓட்டிக்கொண்டு போனான். அதில் எனக்கு வருத்தமும் உண்டு, மரியாதையும் உண்டு. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

சிறு பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எங்கே நிறுத்துவது என்றும் அவர் கேட்டிருக்கிறார். நான் சபையில் அவன் உண்மையைச் சொல்லும் இடம் வரைக்கும் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வயதுக்குமேல் ஆனவர்களுக்கு யானையையும் சல்லியனையும் சேர்த்தே சொல்கிறேன். கேட்டுவிட்டு அவர்கள் என்ன கேட்டாலும் அன்றைக்கே பதில் சொல்லிவிடுவது நல்லது. மறுநாளைக்கு என்று தள்ளினால் பெரும்பாலும் அவர்கள் மறுபடி கேட்பதில்லை.